நடுமழையில் நின்றுபோன பைக்

நவம்பர் மழையில் சென்னையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு பைக்கில் கிளம்பினோம், நானும் மனைவியும். புதுக்கோட்டை தாண்டியதும் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தன. வண்டி இரண்டு முறை விக்கி, அப்படியே நின்றுவிட்டது. பெட்ரோல் இருந்தது, ஹாரனும் விளக்கும் வேலை செய்தன. சரி, பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க்தான் வரவில்லை.

டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி, அந்த ஸ்பார்க்கைத் தரும் பிளக்கின் மேல் மாட்டியிருக்கும் கேப்பைப் பிடுங்கினேன். பிளக் உட்காரும் குழியில் கலங்கல் தண்ணீர் தேங்கி நின்றது. இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. தண்ணீரோடு பிளக்கைக் கழற்றினால் அந்தத் தண்ணீர் நேராக சிலிண்டருக்குள் இறங்கிவிடும். குழியிலிருந்து நீர் வடிய ஓரத்தில் ஒரு சின்னத் துளை உண்டு, அதில் சேறு அடைத்திருந்தது.

“இதால குத்திப் பாருங்க” என்று மனைவி ஒரு ஊக்கை நீட்டினாள். டீ குடித்து முடிப்பதற்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. துண்டால் குழியை ஒற்றி, கேப்பின் உட்புறத்தையும் ஈரம் போகத் துடைத்தேன். அப்புறம் கடைக்காரர் கொடுத்த பழைய சைக்கிள் டியூப் துண்டை, மறுபடி தண்ணீர் புகாதபடி கேப்பின் மேல் இறுக்கமாக மாட்டினேன்.

மூன்றாவது உதையில் கிளம்பியது. பாம்பன் பாலத்தில் காற்று பக்கவாட்டில் தள்ளியது, அவள் என் முதுகோடு ஒட்டிக்கொண்டாள். மெதுவாகவே கடந்தோம். வண்டி ஒருமுறைகூட விக்கவில்லை.