புகை அலாரம்: வாங்குவது, மாட்டுவது, பத்து ஆண்டு காப்பது

வீட்டில் தீப்பிடித்தும் புகை அலாரம் ஒலிக்கவில்லை என்றால், கருவி கெட்டுப்போயிருந்தது என்றுதான் முதலில் நினைப்போம். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. பேட்டரியைக் கழற்றி வைத்திருப்பார்கள், அல்லது அது தீர்ந்துபோனதைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். அடுப்பில் எதை வறுத்தாலும் அலறும் கருவியை யார்தான் விட்டுவைப்பார்கள்? அதனால் வீட்டாரின் பொறுமையைச் சோதிக்காத கருவியை வாங்கி, பொறுமையைச் சோதிக்காத இடத்தில் மாட்டுவதே இந்த வேலையில் முக்கால் பங்கு. திருகாணி முடுக்குவதெல்லாம் மிச்சக் கால் பங்கு.

புகை வந்தால் மூக்குக்குத் தெரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. தூங்குகிறவரின் மூக்கை நம்ப முடியாது. புகை நாற்றம் பலரை எழுப்புவதே இல்லை. போதாததற்கு, புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு தூக்கத்தை மயக்கமாக்கிவிடும்.

படி 1: எந்த வகை?

கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஃபோட்டோஎலக்ட்ரிக் வகையில், இருண்ட சிறு அறைக்குள் ஓர் ஒளிக்கற்றை ஓடிக்கொண்டிருக்கும். புகை நுழைந்தால் ஒளி சிதறி, பக்கத்திலுள்ள உணர்வியின் (சென்சாரின்) மேல் விழும், அலாரம் ஒலிக்கும். மெத்தை, சோபா, சூடேறிய வயர் போன்றவை கொழுந்துவிடாமல் நெடுநேரம் கனன்று புகைவதை இது சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

மற்றது அயனியாக்க வகை. அதனுள் இருக்கும் துளியளவு அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் காற்றை அயனியாக்கி, அதாவது மின்னூட்டம் பெறச் செய்து, ஒரு மெல்லிய மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. புகைத்துகள் வந்தால் அந்த மின்னோட்டம் குறையும். 1930களில் சுவிட்சர்லாந்து இயற்பியலாளர் வால்டர் யேகர் விஷவாயுவைக் கண்டறிய ஒரு கருவி செய்துபார்த்தார் என்றும், வாயுவைச் சட்டைசெய்யாத அந்தக் கருவி அவர் பற்றவைத்த சிகரெட் புகைக்கு மசிந்தது என்றும் சொல்வார்கள். இந்த வகை கொழுந்துவிட்டு எரியும் தீயை விரைவாக உணரும். கதிரியக்கம் என்றதும் அஞ்ச வேண்டாம். அதிலிருந்து வரும் ஆல்ஃபா துகள்கள் சில சென்டிமீட்டர் காற்றையே தாண்டாது. உடைத்துப் பார்க்காமல் இருந்தால் போதும். ஆனால் சமையலில் எழும் நுண்துகள்களுக்கும் இது எளிதில் கூச்சலிடும்.

ஒன்றைத்தான் வாங்குவது என்றால் ஃபோட்டோஎலக்ட்ரிக் வாங்குங்கள் என்பேன். இரண்டு உணர்விகளும் உள்ள கருவி கட்டுப்படியானால் இன்னும் நல்லது.

பெட்டியைத் திருப்பி யூஎல் 217 (அமெரிக்கத் தரநிலை) அல்லது ஈஎன் 14604 (ஐரோப்பியத் தரநிலை) தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். கழற்ற முடியாதபடி மூடப்பட்ட, பத்து ஆண்டு உழைக்கும் லித்தியம் பேட்டரி உள்ளதாக இருந்தால், அதை உருவி ரிமோட்டில் போடும் வாய்ப்பே இல்லை. சிறிது நேரம் ஒலியை அடக்கி வைக்கும் பொத்தானும் இருக்கட்டும். இன்னொன்று: சில கருவிகள் கட்டடத்தின் கட்டுப்பாட்டுப் பலகைக்குத் தகவல் அனுப்ப மட்டுமே செய்யப்பட்டவை. அவற்றைத் தனியாக மாட்டினால் சத்தமே வராது. ஒலிப்பான் உள்ளேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

படி 2: எங்கே, எத்தனை?

ஒவ்வொரு படுக்கையறைக்குள்ளும் ஒன்று, படுக்கையறைகளுக்கு வெளியே நடையில் ஒன்று, ஒவ்வொரு மாடிக்கும் ஒன்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க முடியாவிட்டால் நடையிலிருந்து தொடங்கலாம். மாடி வீட்டுக்கு, ஒன்று ஒலித்தால் அத்தனையும் ஒலிக்கும்படி கம்பியில்லாமல் இணையும் கருவிகள் நல்லவை. கீழ்த்தளத்தில் தீ, மேலே மூடிய கதவுக்குப் பின்னால் தூக்கம் என்ற நிலையில் அதுதான் காப்பாற்றும்.

புகை மேலே எழும் என்பதால் உட்கூரைதான் சரியான இடம். முடிந்தவரை நடுவில், சுவரிலிருந்து குறைந்தது 30 செ.மீ. தள்ளி மாட்டுங்கள். சுவரில்தான் முடியும் என்றால், கருவியின் மேல் விளிம்பு உட்கூரையிலிருந்து 30 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். சாய்கூரையில் உச்சிக்கு 90 செ.மீ.க்குள் இருக்கட்டும், ஆனால் உச்சியின் இடுக்கிலேயே வேண்டாம், அங்கே காற்று தேங்கி நிற்கும்.

இனி, தள்ளி நிற்க வேண்டிய இடங்கள். அடுப்பிலிருந்து குறைந்தது 3 மீட்டர். நீராவி வரும் குளியலறைக் கதவிலிருந்து ஒரு மீட்டர். மின்விசிறி இறக்கையின் நுனியிலிருந்தும் ஏசி காற்று வரும் வாயிலிருந்தும் அதே ஒரு மீட்டர். காற்று வேகமாக வீசும் இடத்தில் புகை கருவியை எட்டாமல் விலகிப்போகும். சமையலறைக்குள்ளேயே ஏதாவது வேண்டும் என்றால் வெப்ப அலாரம் வாங்குங்கள். அது புகைக்கு மசியாது, சுமார் 58 டிகிரி செல்சியஸில்தான் ஒலிக்கும். அதை நம்பிப் படுக்கையறைக் கருவியை மட்டும் கைவிடாதீர்கள்.

படி 3: மாட்டுதல்

ஆடாத ஏணி, டிரில்லிங் மெஷின், தூசு விழாமல் கண்ணைக் காக்கும் கண்ணாடி, பென்சில். கருவியின் அடித்தட்டைக் கூரையில் வைத்துத் துளைகளைக் குறியுங்கள். காங்கிரீட் தளத்தில் விளக்குக்கும் விசிறிக்கும் போகும் மின்குழாய்கள் புதைந்திருக்கும். அவை போகும் பாதையில் துளையிடாதீர்கள். துளைக்குள் திருகாணியைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பிளக்கை இறக்கி, தட்டைத் திருகி, பேட்டரியை இணைத்து, கருவியைத் தட்டில் பொருத்தி வலப்பக்கம் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். தூசு படாமலிருக்க மேலே பிளாஸ்டிக் மூடி வந்திருந்தால் அதை அகற்ற மறக்காதீர்கள். வீட்டின் மின்சாரத்தில் இயங்கும் வகை என்றால் எலக்ட்ரீசியனிடம் விட்டுவிடுங்கள்.

மாட்டியதும் பொத்தானை அழுத்துங்கள். மூன்று ஒலி, சிறு இடைவெளி, மறுபடி மூன்று என்று வரும். ஒருவர் அழுத்த, மற்றவர்கள் கதவை மூடிக்கொண்டு படுக்கையில் இருந்து கேட்டுப் பாருங்கள். குழந்தைகள் இந்தக் கீச்சு ஒலிக்கு எழாமலே தூங்கக்கூடும். அவர்களை யார் எழுப்பித் தூக்கிக்கொண்டு வெளியேறுவது என்பதை அப்போதே முடிவு செய்யுங்கள். காது மந்தமானவர்களுக்கு 520 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலி தருகிற கருவியோ, படுக்கையை அதிரச் செய்யும் துணைக்கருவியோ பொருந்தும்.

படி 4: பராமரிப்பு

மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்துங்கள். தூசும் சிறு பூச்சிகளும் உள்ளே போனால் பொய் அலாரம் வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேக்குவம் கிளீனரின் மென்தூரிகையால் வெளிப்புறத்தைத் துடைத்தெடுத்தால் போதும், தண்ணீர் வேண்டாம். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அலாரத்தின் மேலும் சேர்த்து அடித்துவிடுவார்கள், பக்கத்திலேயே நின்று தடுங்கள். பெயின்ட் துளைகளை அடைத்துவிட்டால் பொத்தானை அழுத்தும்போது ஒலிக்கும், புகைக்கு ஒலிக்காது.

நிமிடத்துக்கு ஒருமுறை 'கீச்' என்றால் தீ இல்லை, பேட்டரி தீர்கிறது. பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின்தான் இது தொடங்கும். குளிரில் பேட்டரியின் மின்னழுத்தம் குறைவதுதான் காரணம். மாற்றக்கூடிய பேட்டரி என்றால் ஆண்டுக்கு ஒருமுறை நீங்களே முந்திக்கொண்டு மாற்றிவிடுங்கள். சார்ஜ் செய்யும் பேட்டரி வேண்டாம்.

கருவியின் முதுகில் தயாரிப்புத் தேதி இருக்கும். வாங்கிய தேதியிலிருந்து அல்ல, அந்தத் தேதியிலிருந்து பத்து ஆண்டு கணக்கிடுங்கள். அதற்குப் பின் பொத்தானுக்கு ஒலித்தாலும் உணர்வியை நம்ப முடியாது. முழுக் கருவியையும் மாற்ற வேண்டும். பழையதில் லித்தியம் பேட்டரி இருந்தால் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்னணுக் கழிவுகளோடு கொடுங்கள். அயனியாக்க வகையைத் தயாரிப்பாளர் திரும்பப் பெறுகிறாரா என்று கையேட்டில் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.