சிறுநீர்ச் சோதனையில் மனச்சோர்வைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளையில் நரம்புகளுக்கு இடையே செய்தி கடத்தும் ரசாயனங்களில் ஒன்றான செரட்டோனின் சிறுநீரில் குறைவாக இருந்தால் மூளையிலும் குறைவாகத்தான் இருக்கும் என்று நினைப்பது பெரிய தவறு. மற்ற தவறுகளில் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. உடலில் உள்ள செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் உருவாகிறது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பை அது தாண்டுவதில்லை. அதேபோன்ற இன்னொரு ரசாயனமான டோபமினும் அப்படித்தான். சிறுநீரில் வரும் டோபமினில் பெரும்பங்கு சிறுநீரகத்திலேயே உண்டாவது. ஆகவே அந்த எண்களை வைத்து மூளையில் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாது.

அப்படியொரு அறிக்கையைக் காட்டி யாராவது 5-எச்டிபி (உடல் செரட்டோனினாக மாற்றிக்கொள்ளும் பொருள்) போன்ற மாத்திரையை வாங்கச் சொன்னால் தயவுசெய்து வாங்காதீர்கள். ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர் இதையும் சேர்த்துக்கொண்டால் உடலில் செரட்டோனின் மிதமிஞ்சிப் போகலாம். நடுக்கம், காய்ச்சல், மனக்குழப்பம் என்று அது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும்.

'இந்தப் பொருளுக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு' என்ற ஆய்வுச் செய்தியைத் தனக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்வது அடுத்தது. 1970களில், நார்அட்ரினலின் என்ற நரம்பு ரசாயனம் சிதைந்து உண்டாகும் எம்எச்பிஜி என்ற பொருளைச் சிறுநீரில் அளந்து, யாருக்கு எந்த மருந்து பலிக்கும் என்று கணிக்க ஆய்வாளர்கள் முயன்றார்கள். அது அன்றாட மருத்துவத்துக்கு வந்து சேரவில்லை. இப்போது ஒரே சிறுநீர் மாதிரியில் நூற்றுக்கணக்கான பொருள்களை அளக்கிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடுபவை. மனச்சோர்வு உள்ள பலரின் அளவும் இல்லாத பலரின் அளவும் ஒன்றாகவே இருக்கும். அப்புறம், இப்படி ஆராயப்படும் பொருள்களில் ஒன்றான ஹிப்யூரிக் அமிலம் பழம், தேநீர், காபி, குடல் நுண்ணுயிரிகள் எல்லாவற்றையும் பொறுத்து மாறுகிறது.

கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் விஷயம் வேறு. மன அழுத்தத்தில் அது உயர்வது உண்மை, மனச்சோர்விலும் சிலருக்கு ஓரளவு கூடும். ஆனால் 24 மணி நேரச் சிறுநீரில் அதை அளப்பது முக்கியமாக, உடலில் கார்ட்டிசால் மிதமிஞ்சிப் போகும் குஷிங் நோயைக் கண்டுபிடிக்க. ஒரு வேளைச் சிறுநீரை மட்டும் கொடுத்துவிட்டு 'ஸ்ட்ரெஸ் அளவு' பார்க்காதீர்கள். காலையில் உச்சத்தில் இருக்கும் கார்ட்டிசால் நள்ளிரவில் அடிமட்டத்துக்குப் போய்விடும். 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரிக்கும்போது முதல் நாள் காலையின் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, மறுநாள் காலையின் முதல் சிறுநீரைச் சேர்க்க வேண்டும். அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தாலும் எண் தவறாகக் கூடும். ஸ்டீராய்டு களிம்பு, இன்ஹேலர் பயன்படுத்தினால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சோதனைக்காக மனச்சோர்வு மருந்தை நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது, 'ரிப்போர்ட் நார்மல், உனக்கு ஒன்றுமில்லை' என்று ஒருவரை அனுப்பிவிடுவது. மனச்சோர்வைச் சிறுநீர் சொல்லாது. பேசித்தான் அறிய வேண்டும். சோகமோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நாள் முழுக்க நீடித்து, தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, பி12, ஹீமோகுளோபின் ஆகிய ரத்தச் சோதனைகளை அவர் கேட்கலாம். அவற்றுக்கு அர்த்தம் உண்டு, ஏனென்றால் அந்தக் குறைகளும் இதே சோர்வைத் தரும், அவற்றைச் சரிசெய்யவும் முடியும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே நெருங்கியவர் ஒருவரிடம் சொல்லி, அவரோடு மருத்துவமனைக்குப் போங்கள்.