ஜியோடேட்டாபேஸில் உள்ள லேயரின் மெட்டாடேட்டாவைப் பார்ப்பது எப்படி?

ஜியோடேட்டாபேஸ் என்பது வரைபடத் தரவை லேயர்களாக, அதாவது அடுக்குகளாக, சேமித்து வைக்கும் தரவுத்தளம். யாரோ அனுப்பிய எம்டிபி கோப்பையோ ஜிடிபி கோப்புறையையோ (இரண்டும் அதன் வடிவங்கள்) திறந்தால் உள்ளே லேயர்கள் வரிசையாக இருக்கும். யார் தயாரித்தது, எந்த ஆண்டுத் தரவு, எந்த அளவுகோல் வரை நம்பலாம் என்பதெல்லாம் தெரியாமல் அதை வரைபடத்தில் போடக்கூடாது. பல நேரங்களில் இந்த விவரங்கள், அதாவது மெட்டாடேட்டா, டேட்டாபேஸுக்குள்ளேயே இருக்கின்றன. நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

முதலில் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள். ஜிடிபி, ஜியோபேக்கேஜ் (இன்னொரு வரைபடக் கோப்பு வடிவம்) இரண்டுக்கும் நான் முதலில் திறப்பது இதைத்தான். லேயரை வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸ் போய், இன்ஃபர்மேஷன் பக்கத்தைப் பாருங்கள். ஆய முறை (இடங்களை எண்களால் குறிக்கும் முறை), எல்லைகள், புலங்களின் பட்டியல் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். எல்லை எண்கள் லட்சக்கணக்கில் இருந்து, ஆய முறை மட்டும் இபிஎஸ்ஜி 4326 என்று காட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். 4326 என்ற எண் கொண்ட ஆய முறை இடங்களை டிகிரியில் அளப்பது, அதில் 180-ஐத் தாண்டிய எண்ணுக்கு வேலையே இல்லை. யாரோ ஆய முறையைத் தவறாகக் குறித்திருக்கிறார்கள்.

இது கோப்பிலிருந்து மென்பொருள் தானாக எடுத்துக் காட்டும் தகவல். தயாரித்தவர் கைப்பட எழுதிய விளக்கம் வேறு. அதற்கு எஸ்ரி நிறுவனத்தின் ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ மென்பொருளில் கேட்டலாக் பகுதியில் லேயரை வலது சொடுக்கி வியூ மெட்டாடேட்டா கொடுங்கள்.

என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது இந்த இடம்தான். தலைப்பு, சுருக்கம், விளக்கம் என்று நாலைந்து வரிகள் மட்டும் வரும். தரவின் வரலாறு, தரம், தொடர்பு விவரம் எதுவும் இருக்காது. சரி, எழுதவே இல்லை போல என்று மூடிவிடாதீர்கள். ஐட்டம் டிஸ்கிரிப்ஷன் என்ற பாணியில்தான் மென்பொருள் முதலில் காட்டும், அது சுருக்கப் பதிப்பு. ப்ராஜெக்ட் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் மெட்டாடேட்டா போய், பாணியை எஃப்ஜிடிசி (அமெரிக்கத் தரநிலை) அல்லது ஐஎஸ்ஓ 19139 (சர்வதேசத் தரநிலை) என்று மாற்றுங்கள். அப்புறம் வேறொரு லேயரைச் சொடுக்கிவிட்டு மறுபடி இதற்கு வாருங்கள். ஒளிந்திருந்த பகுதிகள் எல்லாம் வந்துவிடும். எஸ்ரியின் பழைய மென்பொருளான ஆர்க்கேட்டலாக்கிலும் இதே கதைதான். அங்கே கஸ்டமைஸ் மெனுவில் இருக்கும் ஆர்க்கேட்டலாக் ஆப்ஷன்ஸுக்குள் இந்த அமைப்பு இருக்கிறது. எஃப்ஜிடிசி வடிவில் எழுதிய பழைய மெட்டாடேட்டா என்றால் பக்கத்தின் அடிவரை இறங்கிப் பாருங்கள், மடித்து வைத்த தனிப் பகுதியாக இருக்கும்.

எம்டிபி வடிவ ஜியோடேட்டாபேஸை ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ ஆதரிப்பதில்லை. அதைத் திறக்கும் பழைய ஆர்க்மேப் மென்பொருளும் கையில் இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் போதும். கோப்பை நகலெடுத்து, நகலை மட்டும் திறங்கள். அசல் கோப்பின் உள் அட்டவணைகளில் கை வைத்தால் ஜியோடேட்டாபேஸே கெட்டுப்போகலாம். ஜிடிபி ஐட்டம்ஸ் என்ற அட்டவணையில் நேம் பத்தியில் லேயர் பெயரைத் தேடி, அதே வரிசையில் டாக்குமெண்டேஷன் பத்தியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் நீண்ட எக்ஸ்எம்எல் உரையை நோட்பேடில் ஒட்டிப் படியுங்கள். ஐடிஆப்ஸ் (idAbs) என்ற குறிக்குள் இருப்பது விளக்கம், ஐடிபர்ப் (idPurp) குறிக்குள் இருப்பது சுருக்கம். ஆர்க்ஜிஐஎஸ் 10-க்கு முந்தைய கோப்பில் இந்த அட்டவணை இருக்காது. அதில் ஜிடிபி யூசர்மெட்டாடேட்டா என்ற அட்டவணையைத் தேடுங்கள்.

பிற்சேர்க்கை: ஜியோபேக்கேஜில் எங்கே பார்ப்பது என்று இதைப் படித்த ஒருவர் கேட்டிருந்தார். அது உண்மையில் ஒரு எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பு. அதைப் படிக்கும் டிபி பிரவுசர் என்ற மென்பொருளில் திறந்தால் ஜிபிகேஜி கன்டென்ட்ஸ் அட்டவணையில் ஒவ்வொரு லேயரின் பெயர், விளக்கம், கடைசியாக மாற்றிய நேரம் இருக்கும். விரிவான மெட்டாடேட்டா ஜிபிகேஜி மெட்டாடேட்டா என்ற தனி அட்டவணையில். அது கட்டாயமான அட்டவணை இல்லை, அதனால் சில கோப்புகளில் அது இருக்காது. அப்படியானால் அனுப்பியவரிடமே கேட்டு வாங்குங்கள்.