ஸ்பானிஷில் போலீஸ், கோர்ட்டுச் சொற்கள்: செட்டிநாட்டு வழிகாட்டிகளுக்கு

கானாடுகாத்தான் வீடுகளின் தேக்குத் தூணையும் வளவையும் ஸ்பானிஷில் சரளமாக விளக்குகிறவருக்கும், விருந்தாளியோடு ஸ்டேஷன் படியேறினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தச் சொற்களை அகர வரிசையில் படிக்காதீர்கள். புகார் நடக்கும் வரிசையில் படியுங்கள்: நடந்தது, ஸ்டேஷன், வாக்குமூலம், கையெழுத்து, அப்புறம் கோர்ட்டு. நாளைக்கு 8 சொல் போதும். ஒவ்வொன்றையும் முழு வாக்கியமாக எழுதி, மறுநாள், 3ஆம் நாள், 7ஆம் நாள் நோட்டை மூடிவைத்துச் சொல்லிப் பாருங்கள்.

முதலில் பிடிக்க வேண்டியவை 'உர்த்தோ', 'றோபோ'. ஸ்பெயின் சட்டப்படி, பலாத்காரம் இல்லாமல் எடுத்தால் உர்த்தோ. அடித்தோ மிரட்டியோ பூட்டை உடைத்தோ எடுத்தால் றோபோ. ஆனால் பேச்சில் எல்லாவற்றுக்கும் 'மே ஆன் றொபாதோ' (என்னிடம் திருடிவிட்டார்கள்) என்றுதான் சொல்வார்கள். அதை அப்படியே 'வழிப்பறி' என்று எஸ்.ஐ.யிடம் சொன்னால் வழக்கே மாறிவிடும். நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டு 303, பறிப்பு 304, வழிப்பறி 309 என்று பிரிவுகள் வேறு வேறு. அறைப் பூட்டை உடைத்தது அங்கே றோபோ. இங்கே அது மட்டும் வழிப்பறி ஆகாது. அதனால் பெயரை மொழிபெயர்க்காமல் நடந்ததைக் கேளுங்கள்: 'லே ஆன் பெகாதோ?' (அடித்தார்களா?), 'லே ஆன் அமெனஸாதோ?' (மிரட்டினார்களா?).

அழுத்தம் எங்கே விழுகிறது என்பதையும் கவனியுங்கள். முன்னசையில் அழுத்தினால் 'றோபோ', அதாவது 'திருட்டு' அல்லது 'நான் திருடுகிறேன்'. பின்னசையில் அழுத்தினால் 'றொபோ', 'அவன் திருடினான்'. வாக்குமூலத்தில் இந்தப் பிழை வரவே கூடாது. மற்றபடி உச்சரிப்பில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு: 'அபொகாதோ' (வக்கீல்) என்பதைத் தமிழ் எழுத்தில் உள்ளபடி படித்தாலே, நடுவில் வரும் மெய்கள் ஸ்பானியர் சொல்வதுபோல் மெலிந்து வரும். சொல்லின் தொடக்கத்தில்தான் சறுக்கும். 'தெனுன்ஸியா'வின் தெ, 'தேவி'யின் தே போல ஒலிக்க வேண்டும். ஸ்பெயின்காரர்கள் பலர் அந்த 'ஸி'யை நாக்கைப் பல்லிடை வைத்துச் சொல்வார்கள். லத்தீன் அமெரிக்கர்கள் 'ஸி' என்றே சொல்வார்கள்.

தெனுன்ஸியா போலீஸ் புகார். 'தெமாந்தா' சிவில் வழக்கு. இரண்டையும் குழப்பாதீர்கள். சாட்சி ஆணோ பெண்ணோ 'தெஸ்தீகோ'தான். 'சென்தென்ஸியா' என்றால் தீர்ப்பு. தண்டனைக்குச் சொல் 'பேனா'. நம் பேனாவை நினைத்துக்கொண்டால் மறக்காது. 'எஸ்போஸாஸ்' கைவிலங்கு, மனைவிகள் இரண்டையும் குறிக்கும்.

பெயர் எழுதும்போது 'அப்பெயீதோஸ்' (குடும்பப் பெயர்கள்) இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் முதலாவது அப்பா வழி, அடுத்தது அம்மா வழி. ஒன்றை விட்டால் பாஸ்போர்ட்டோடு பொருந்தாது. வாக்குமூலத்தை முழுக்க விளக்கி முடிக்கும்வரை 'நோ ஃபிர்மே தொதவீயா' (இன்னும் கையெழுத்துப் போடாதீர்கள்) என்று சொல்லுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் ('கோப்பியா') புகார்தாரருக்கு இலவசம். இன்ஷூரன்ஸுக்கு ('செகூரோ') அது தேவைப்படும். பாஸ்போர்ட் தொலைந்தால் அடுத்து அவர்கள் நாட்டு 'எம்பஹாதா', அதாவது தூதரகம். ஊர் திரும்ப அவசரப் பயண ஆவணமாகத் தருவது 'சால்வோகொந்துக்தோ'.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்க அழைத்துப்போகிறவர்களுக்கு இன்னும் சில சொற்கள் வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த சிற்பம், கலைப்பொருள் போன்றவற்றைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. பழம்பொருள் 'அந்திக்வெதாத்', தடை செய்யப்பட்டது 'ப்ரொயிபீதோ', ரசீது 'றெஸீபோ', சுங்கம் 'அதுவானா'. அதுவானாவும் நம் 'திவா'னும் ஒரே பாரசீகச் சொல்லிலிருந்து வந்தவை. விலை பேசும் முன்பே இந்தத் தடையைச் சொல்லுங்கள். விமான நிலையத்தில் தெரியவந்தால் பொருளும் போகும், பணமும் போகும்.