இன்சுலின் போடும் லாரி, டாக்சி ஓட்டுநர்களுக்கு: லைசென்ஸும் ஸ்டியரிங்கும்

இன்சுலின் போட ஆரம்பித்துவிட்டால் ஹெவி லைசென்ஸ் போய்விடும் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. அப்படி ஒரு விதி இந்தியாவில் இல்லை. ஓட்டுபவரின் நோயால் பொதுமக்களுக்கு ஆபத்து வருமா என்பதைத்தான் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பார்க்கிறது. இன்சுலின் போடுகிறவர் விஷயத்தில் அந்த ஆபத்து முதலில் லோ சுகர், அடுத்து கண், அதற்கடுத்து மரத்துப்போன கால்.

லைசென்ஸ் விண்ணப்பத்தோடு வரும் படிவம் 1 என்பது நீங்களே கையெழுத்துப் போடும் உறுதிமொழி. வலிப்பு வருமா, எந்தக் காரணத்தாலாவது திடீரென்று நினைவு தப்புமா, தலைசுற்றுமா என்று அதில் ஒரு கேள்வி இருக்கும். சுகர் இருக்கிறது, ஊசி போடுகிறேன், ஆனால் மயங்கியதில்லை என்றால் ‘இல்லை’ என்பது நேர்மையான பதில். சுகர் இறங்கி மயங்கி விழுந்தவரும் ‘இல்லை’ என்று எழுதினால் அது பொய்த் தகவல். பிரிவு 19இன்படி லைசென்ஸைப் பறிக்கலாம்.

படிவம் 1ஏ டாக்டர் தரும் சான்று. போக்குவரத்து வாகன லைசென்ஸுக்கு எந்த வயதிலும் இது வேண்டும், ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் வேண்டும். அதாவது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. அபாயகரமான சரக்கு ஏற்றுபவர்களுக்கு மூன்று வருடம். பார்வை, 25 மீட்டர் தூரத்தில் நம்பர் பிளேட், சிவப்பு-பச்சை நிறம், மாலைக்கண், காது, கை கால் என்றுதான் இந்தப் படிவம் போகிறது. ஆபீஸ் பக்கத்திலேயே ஐந்து நிமிடத்தில் முத்திரை குத்தித் தரும் இடங்களும் இருக்கின்றன. இன்சுலின் போடுகிறவர் அங்கே போவது பெரிய தவறு. நாளை விபத்து நடந்து கேள்வி வந்தால், உங்கள் உடல்நிலையை யாருமே பார்க்கவில்லை என்பதற்கு அந்தத் தாளே சாட்சி.

அதற்குப் பதிலாக, உங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி, சான்று தரும் டாக்டரிடம் காட்டுங்கள். எந்த இன்சுலின், எத்தனை யூனிட், எந்த நேரம். கடந்த 12 மாதத்தில் அடுத்தவர் உதவி தேவைப்பட்ட அளவுக்குச் சுகர் இறங்கியதா. இறங்கும்போது வியர்வை, நடுக்கம், படபடப்பு உங்களுக்குத் தெரிகிறதா. கடைசி எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்), விழித்திரைப் பரிசோதனை, பாத உணர்வுப் பரிசோதனை. இவ்வளவும் அதில் இருக்கட்டும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் கண்மணியை விரிய வைத்து விழித்திரை பார்ப்பார்கள். சொட்டு மருந்து விட்ட அன்று பார்வை மங்கலாக இருக்கும், வண்டி எடுக்கக் கூடாது.

கெடு முடியுமுன் விண்ணப்பித்துவிடுங்கள். முன்பு இருந்த 30 நாள் சலுகை 2019 திருத்தத்தில் போய்விட்டது; காலாவதியான மறுநாளே நீங்கள் லைசென்ஸ் இல்லாதவர். ஒரு வருடம் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். உடல்நிலையைக் காரணம் காட்டி மறுத்தால், காரணத்தோடு எழுத்தில் உத்தரவு கேளுங்கள். அது கிடைத்த 30 நாளுக்குள் பிரிவு 17இன்படி மேல்முறையீடு செய்யலாம்.

தினசரி ஓட்டத்துக்கு நம் சட்டத்தில் அளவுகோல் இல்லாததால், வெளிநாட்டு விதியைக் கடன் வாங்குவதில் தப்பில்லை. பிரிட்டன் 2011இல் இன்சுலின் போடுகிறவர்களுக்கு லாரி, பஸ் லைசென்ஸைத் திறந்துவிட்டது. அமெரிக்கா 2018இல் பழைய விதிவிலக்கு முறையை எடுத்துவிட்டு, மூன்று மாத மீட்டர் பதிவும் வைத்தியம் பார்ப்பவரின் படிவமும் போதும் என்றது. தகுதிச் சான்று ஒரு வருடத்துக்குத்தான். பிரிட்டனின் கணக்கு எளிது: வண்டி எடுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு சுகர் டெஸ்ட், ஓட்டத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டெஸ்ட். 90 மி.கி.க்குக் கீழே என்றால் சாப்பிட்டுவிட்டு எடுக்கலாம். 70க்குக் கீழே என்றால் எடுக்கவே கூடாது. மெமரி உள்ள மீட்டர் வாங்குங்கள். நோட்டில் கையால் எழுதிய எண்ணை யாரும் நம்பமாட்டார்கள்.

ஓட்டும்போதே நடுக்கம் வந்தால் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, சாவியை உருவி, டிரைவர் சீட்டை விட்டு நகருங்கள். குளுக்கோஸ் பவுடரோ சர்க்கரையோ மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். சாக்லேட், கிரீம் பிஸ்கட் வேண்டாம், கொழுப்பு சேர்ந்தால் சர்க்கரை ரத்தத்தில் ஏற நேரமாகும். 15 நிமிடம் கழித்து டெஸ்ட், ஏறாவிட்டால் மறுபடி அதே அளவு. பிறகு சாப்பாடு. எண் சரியான பிறகும் 45 நிமிடம் உட்காருங்கள். மீட்டர் சரியாகிவிட்டாலும் மூளை நிதானத்துக்கு வர அவ்வளவு நேரம் பிடிக்கும். கிளீனருக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும்.

சென்னை ஓட்டத்தில் சுகர் இறங்குவது பெரும்பாலும் சாப்பாடு தள்ளிப்போவதால். 30/70 கலவை இன்சுலின் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுவது. எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுக வாசலில் கன்டெய்னர் வரிசை எப்போது நகரும் என்று யாருக்குத் தெரியும்? கையில் சாப்பாடு இல்லாமல் ஊசி போடாதீர்கள். லோடு இறக்கக் கை கொடுத்த நாளிலும் சுகர் கூடுதலாக இறங்கும், சில மணி நேரம் கழித்தும் இறங்கும். ராத்திரி டியூட்டிக்கு மாறினால் ஊசி நேரத்தை டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள்.

வழியில் மருந்து வாங்கினால் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட்டா 100 யூனிட்டா என்று பாருங்கள். சிவப்பு மூடி சிரிஞ்ச் 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.

கடைசியாக வெயில். திறந்த குப்பியோ பேனாவோ பொதுவாக நான்கு வாரம் தாங்கும், 30 டிகிரிக்குள் வைத்திருந்தால். மே மாதக் கேபினில் டேஷ்போர்டு மேல் வைத்தால் கெட்டுவிடும். ஈரத்துணி சுற்றிய டப்பா போதும். ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்தாலும் மருந்து வீண். காரணமில்லாமல் சுகர் ஏறிக்கொண்டே போனால் முதலில் மருந்தைச் சந்தேகப்படுங்கள். வெந்துபோன மருந்துக்காக டோஸைக் கூட்டிவிட்டால், புதுக் குப்பி திறக்கும் நாளில் அதே டோஸ் ஆளைச் சாய்த்துவிடும்.