மிஷின் ரூபாயில் பேசினால் உஷார்: பாங்காக் போகிறவர்கள் பணத்தில் செய்யும் தவறுகள்

போன தடவை சென்னையிலிருந்து பதினெட்டுப் பேரை பாங்காக் அழைத்துப் போனேன். பாதிப் பேருக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். பிராதுநாம் பக்கம் ஒரு துணிக்கடையில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கார்டு மிஷினில் பட்டனை அழுத்திய வேகத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பத்து வருடத்துக்கு முன் இதே ஊரில், இதே சந்தோஷத்தோடு, இதே பட்டனை நானும் அழுத்தியிருக்கிறேன்.

பர்ஸைப் பின்பாக்கெட்டில் வைக்காதே, எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் வைக்காதே என்பதையெல்லாம் வீட்டில் பத்துப் பேர் சொல்லித்தான் அனுப்புவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

"ரூபாயிலேயே எடுத்துக்கோங்க" என்பது

இதைப் பற்றி எத்தனை தடவை பேசினாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் கார்டை அந்த ஊர் மிஷினில் செருகியதும், கார்டு எண்ணின் முதல் சில இலக்கங்களை வைத்தே அது இந்தியக் கார்டு என்று மிஷின் கண்டுபிடித்துவிடும். உடனே திரையில் இரண்டு தொகைகள் வரும். ஒன்று தாய்லாந்துப் பணமான பாட், இன்னொன்று ரூபாய். ரூபாயைத் தொட்டால், பாட்டை ரூபாயாக மாற்றும் வேலையை அந்த ஊர் வங்கியோ, அதற்காக அமர்த்தப்பட்ட நிறுவனமோ செய்யும். விலையும் அவர்கள் வைத்த விலைதான். அதில் வரும் லாபத்தில் பல இடங்களில் கடைக்காரருக்கும் பங்கு உண்டு. டைனமிக் கரன்சி கன்வர்ஷன், சுருக்கமாக டிசிசி, என்பது இதன் பெயர்.

பாட்டைத் தொட்டால் அந்த வேலை விசா அல்லது மாஸ்டர்கார்டின் அன்றைய விலையில் நடக்கும். அதற்கு மேல் நம் வங்கி தன் மார்க்கப்பை, அதாவது வெளிநாட்டுச் செலவுக்கான கூடுதல் கட்டணத்தை, சேர்க்கும். நம் ஊர்க் கார்டுகள் பலவற்றில் அது 3.5 சதவீதம். அந்த மார்க்கப்புக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக மொத்தம் 4.13.

கணக்குப் போட வசதியாக ஒரு பாட் 2.50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10,000 பாட்டுக்குத் துணி எடுத்தால் 25,000 ரூபாய். பாட்டில் கட்டினால் மார்க்கப்பும் வரியும் சேர்ந்து சுமார் 26,030 ஆகும். ரூபாயில் கட்டுகிறேன் என்றால், டிசிசிக்காரர் 7 சதவீதம் ஏற்றியிருக்கிறார் என்று வைத்தால், அங்கேயே 26,750. கதை அதோடு முடியாது. ரூபாயில் கட்டினாலும் அது வெளிநாட்டுப் பரிவர்த்தனைதான் என்று சில வங்கிகள் அதற்கும் ஒரு சதவீதமும் வரியும் போடுகின்றன. கடைசியில் 27,000-ஐத் தாண்டிவிடும். மார்க்கப் இல்லாத கார்டு என்று தேடித் தேடி வாங்கி வந்தவர் ரூபாயைத் தொட்டால் இன்னும் மோசம். 25,000-இல் முடிந்திருக்க வேண்டியது அவருக்கு.

கடையாவது பரவாயில்லை, ஏடிஎம்மில் இது வேறு வேஷத்தில் வரும். ஒரு பட்டனில் 'அக்செப்ட் கன்வர்ஷன்', இன்னொன்றில் 'டிக்ளைன் கன்வர்ஷன்' என்று இருக்கும். டிக்ளைன் என்றாலே பணம் வராதோ, கார்டு மாட்டிக்கொள்ளுமோ என்று பயம் வரும். எனக்கும் அந்த பயம்தான். முதல் பயணத்தில் மூன்று தடவை பணம் எடுத்தேன், மூன்று தடவையும் அக்செப்ட். திரையில் நம் ரூபாயைப் பார்த்ததில் ஒரு தெம்பு வேறு. ஊருக்கு வந்து ஸ்டேட்மென்ட்டை எடுத்து, அந்தந்த நாளின் விலையை வைத்துக் கணக்குப் போட்டபோதுதான் ஒரு நாள் ஓட்டல் வாடகை காணாமல் போயிருந்தது தெரிந்தது. தைரியமாக டிக்ளைனைத் தொடுங்கள். நீங்கள் மறுப்பது அவர்கள் வைத்த விலையைத்தான், பணம் வழக்கம்போல் வெளியே வரும்.

தலைமையாசிரியரிடம் கேட்டேன், "சார், பஸ்ஸிலேயே சொன்னேனே?"

"சொன்னீங்க தம்பி. ஆனா ரூபாய்ல பார்த்தாத்தானே எவ்வளவு போகுதுன்னு தெரியும்?"

முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்தவர். போனில் ஒரு பெருக்கல் போட்டால் தெரிந்துவிடுகிற விஷயத்துக்கு ஆயிரம் ரூபாய் கட்டணம் கட்டியிருக்கிறார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. தெரியாத ஊரில் தெரிந்த எழுத்தைப் பார்த்தால் விரல் தானாக அங்கேதான் போகும், மிஷின்காரனுக்கும் அது தெரியும்.

இதைவிடக் கோபம் வருவது, நம்மைக் கேட்காமல் கடைக்காரரே ரூபாயை அழுத்திவிட்டு ரசீதை நீட்டும்போதுதான். ஓட்டலில் அறையைக் காலி செய்யும்போது இது அடிக்கடி நடக்கும். வாடிக்கையாளரைக் கேட்ட பிறகே செய்ய வேண்டும் என்பது கார்டு நிறுவனங்களின் விதி. கார்டைக் கொடுக்கும்போதே "பாட் ஒன்லி" என்று சொல்லிவிடுங்கள். கையெழுத்துப் போடும் முன் ரசீதைப் பாருங்கள். ரூபாய்த் தொகையும் மாற்று விலையும் அச்சாகியிருந்தால் வேலை நடந்துவிட்டது என்று அர்த்தம். அங்கேயே நின்று, அதை வாய்டு, அதாவது ரத்து, செய்துவிட்டு பாட்டில் மறுபடி போடச் சொல்லுங்கள். தலைமையாசிரியருக்கு அப்படித்தான் செய்ய வைத்தேன். கடைப் பெண் முகத்தைச் சுளித்தாள், ஆனால் செய்தாள். வாய்டு சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பழைய தொகை கணக்குக்குத் திரும்ப சில நாள் ஆகலாம்.

ஆயிரம் ஆயிரமாக எடுப்பது

தாய்லாந்து ஏடிஎம்களில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாட் அளவுக்குக் கட்டணம் உண்டு. ஆயிரம் எடுத்தாலும் அதே கட்டணம், பத்தாயிரம் எடுத்தாலும் அதே கட்டணம். நம் வங்கியும் தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும். பாக்கெட்டில் அதிகம் வைக்க பயந்து தினமும் ஆயிரம் எடுத்த ஒருவர், ஐந்து நாளில் 1,100 பாட்டை மிஷினுக்கே கொடுத்துவிட்டு வந்தார். திருடன்கூட அவ்வளவு எடுத்திருப்பானா தெரியாது.

கிரெடிட் கார்டில் ரொக்கம்

வேண்டாம். எடுத்த அன்றிலிருந்தே வட்டி.

ரூபாய்க் கட்டோடு கிளம்புவது

"அங்க போய் மாத்திக்கலாம்" என்று ஐந்நூறு ரூபாய்க் கட்டுகளோடு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதலாவதாக, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் இந்திய நோட்டு எடுத்துப் போகக் கூடாது. அப்புறம், பாங்காக்கில் ரூபாயை வாங்குவார்கள்தான், ஆனால் கொடுக்கும் விலை வயிற்றெரிச்சல். சென்னையில் டாலராக மாற்றி எடுத்துப் போய் அங்கே பாட்டாக்குவது, இரண்டு தடவை மாற்றினாலும், பெரும்பாலும் லாபமாகவே இருந்திருக்கிறது.

டாலர் நூறு டாலர் நோட்டாக இருக்கட்டும். சின்ன நோட்டுகளுக்கு விலை குறைவு. மடிப்பு, கிழிசல், பேனாக் கிறுக்கல் இருந்தால் கவுன்டரில் திருப்பித் தள்ளிவிடுவார்கள். நோட்டு எண்ணிக்கையை மேலேயே எழுதி வைக்கும் நம் ஊர்ப் பழக்கத்தை டாலரில் காட்ட வேண்டாம். மாற்றும்போது அசல் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். அறையில் வைத்துவிட்டு வந்து வரிசையில் நிற்காதீர்கள்.

விமான நிலையத்தில் இறங்கியதும் மொத்தத்தையும் மாற்றுவது

பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் வெளியே வந்ததும் கண்ணில் படும் கவுன்டர்களைக் கடந்து, கீழ்த்தளத்தில் ரயில் நிலையம் இருக்கும் இடத்துக்குப் போங்கள். அங்கேயுள்ள கவுன்டர்களில் விலை நன்றாக இருக்கும். ஐந்து நிமிட நடைதான்.

கார்டைத் திறந்துவிடாமல் கிளம்புவது

2020 மார்ச் 16 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாகக் கொடுக்கும் கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டுக்கு நாம்தான் வங்கி ஆப்பில் போய்த் திறந்துவிட வேண்டும். ஏடிஎம், கடை, ஆன்லைன் மூன்றுக்கும் தனித்தனி சுவிட்ச் இருக்கும், தினசரி வரம்பும் தனி. இதை வீட்டிலேயே செய்யுங்கள். அங்கே போய்ச் செய்தால் ஓடிபி நம் ஊர் சிம்முக்கு வரும், சிம்மைக் கழற்றி எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கீழே விழுந்த நோட்டைக் காலால் மிதித்து நிறுத்துவது

கூடவே கூடாது. நோட்டில் இருப்பது அவர்கள் மன்னரின் படம்.

மிஞ்சிய சில்லறை

பணம் மாற்றும் கவுன்டர்களில் காசுகளை வாங்க மாட்டார்கள். கடைசி நாள் தண்ணீருக்கும் டீக்கும் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள். மிச்சம் வரும் நோட்டுகளில் 2,000 டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் உள்ளதைத் திரும்பிய 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். இரண்டாயிரம் டாலர் மிச்சத்தோடு ஊர் திரும்பிய யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.