கல்யாணச் செலவு கைமீறிப் போவது எங்கே? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

கல்யாண பட்ஜெட் போடுகிறேன் என்று உட்காருகிற பலர் மண்டபம், சாப்பாடு, துணிமணி, போட்டோ என்று வரிசையாக எழுதி, எல்லாவற்றையும் கூட்டி, வந்த தொகையைப் பார்த்து மலைத்துப்போய், "சரி, எப்படியாவது சமாளிச்சுக்கலாம்" என்று நோட்டை மூடிவிடுகிறார்கள். கணக்கு நேர்மாறாகப் போக வேண்டும். கையில் இருக்கும் சேமிப்பு எவ்வளவு, கல்யாணத் தேதிக்குள் இன்னும் எவ்வளவு சேரும், இரண்டு வீட்டிலும் யார் எவ்வளவு தருவதாக உறுதியாகச் சொல்லியிருக்கிறார்கள், இந்த மூன்றையும் கூட்டினால் வருவதுதான் உங்கள் தொகை. அவசரத்துக்கு என்று வைத்திருக்கும் பணம் இதில் சேராது. "நான் இருக்கேன்ல, பார்த்துக்கலாம்" என்று ஒருவர் சொன்னதும் சேராது, அவர் அன்பாகத்தான் சொல்லியிருப்பார், ஆனால் தொகை சொல்லாத வாக்கை நம்பி யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்க முடியாது. கிடைக்கும் தொகையிலிருந்து பத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியை மட்டும் பங்கு பிரியுங்கள். கடைசி வாரத்தில் அந்தப் பத்தில் ஒரு பங்குக்குக் கண்டிப்பாக வேலை வரும்.

பெரிய தவறு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், எத்தனை பேரை அழைக்கிறோம் என்று முடிவு செய்யாமல் மண்டபத்தை புக் பண்ணுவதைத்தான் சொல்வேன். 400 பேர் உட்காரும் மண்டபத்தைப் பிடித்துவிட்டால் 150 பேரோடு கல்யாணம் செய்ய யாருக்கும் மனசு வராது. இடம் காலியாகத் தெரியுமே என்று பெயர்கள் கூடும், மேடை பெரியதாக இருக்கிறதே என்று அலங்காரமும் கூடும். அப்புறம் பட்டியலைக் குறைத்தாலும் வாடகை குறையாது, போட்டோகிராபர் கட்டணமும் குறையாது. தலைக்கு இவ்வளவு என்று ஏறும் செலவுகளையும், ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மாறாத செலவுகளையும் ஆரம்பத்திலேயே தனித்தனியாக எழுதிப் பாருங்கள். எதைத் தொட்டால் பணம் மிச்சமாகும் என்பது அப்போதுதான் தெரியும்.

"இன்னும் ஒரு 40 பேர்தானே" என்று வீட்டில் சொல்வார்கள். அந்த 40 பேரை காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 40 சாப்பாடு. மேஜைக்கு 8 பேர் என்றால் 5 மேஜை, 40 நாற்காலி, அந்த மேஜைகளுக்கு விரிப்பு, பூ, பரிமாற இன்னும் ஓரிருவர். நினைவுப் பரிசு கொடுப்பதாக இருந்தால் அது 40. வெளியூரிலிருந்து வருபவர்கள் என்றால் அறை, வண்டி. சாப்பாட்டு விலையை மட்டும் 40-ஆல் பெருக்கிவிட்டுத்தான் "தானே" என்கிறோம். இன்னொன்று, பட்டியலை வீட்டுக்கணக்கில் எழுதாதீர்கள், தலைக்கணக்கில் எழுதுங்கள். 60 அழைப்பிதழ் என்பது 60 பேர் இல்லை, 200 பேராகவும் இருக்கலாம்.

ஆள் குறைத்தால்தான் சிக்கனம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பிரான்சிஸ், ஹ்யூகோ மியாலன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அந்த நாட்டில் திருமணமான 3,000க்கும் மேற்பட்டவர்களிடம் விவரம் சேகரித்து 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கல்யாணத்துக்கு அதிகம் செலவழித்தவர்களிடையே மணமுறிவு கூடுதலாகவும், அதிகம் பேர் வந்து கலந்துகொண்ட கல்யாணங்களில் குறைவாகவும் இருந்தது. செலவுதான் மணமுறிவுக்குக் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் நிறைய பேரைக் கூப்பிட்டு எளிமையாகச் செய்வதும் நல்ல வழிதான் என்று நினைப்பவர்கள் தயங்க வேண்டியதில்லை. எது முக்கியமோ அதற்குப் பணத்தை விட்டு, மற்றதில் கையை இறுக்கிப் பிடித்தால் போதும்.

அடுத்து கொட்டேஷன். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் தொகையை மட்டும் வைத்து இரண்டு இடங்களை ஒப்பிடாதீர்கள். வரி சேர்த்தா, சேர்க்காமலா? சர்வீஸ் சார்ஜ் தனியா? மின்சாரம், சுத்தம் செய்வது வாடகைக்குள் வருகிறதா? வெளி ஆட்களை வைத்து அலங்காரம் செய்தால் கூடுதல் கட்டணம் உண்டா? எத்தனை மணிக்கு இடத்தைக் காலி செய்ய வேண்டும், தாண்டினால் மணிக்கு எவ்வளவு? கேட்டரிங்கில் குறைந்தபட்ச எண்ணிக்கை என்று ஒன்று இருக்கும், 200 என்று ஒப்புக்கொண்டு 160 பேர் வந்தாலும் 200 பேருக்கான பணத்தைக் கொடுக்க வேண்டியதுதான். அதனால் அந்த எண்ணைக் கொஞ்சம் குறைத்தே ஒப்புக்கொண்டு, எந்தத் தேதி வரை கூட்டிக்கொள்ளலாம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். போட்டோகிராபரிடம் எத்தனை மணி நேரம், ஆல்பம் சேர்த்தா, எத்தனை படங்கள் திருத்திக் கொடுப்பார் என்று கேளுங்கள். தேதி தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்று எல்லோரிடமும் கேளுங்கள். வாய்ப்பேச்சாக விட்டுவிடாதீர்கள், குறைந்தபட்சம் ஒரு மெசேஜாகவாவது கையில் இருக்கட்டும்.

அட்வான்ஸைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டு பாக்கியை மறந்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. ஒப்புக்கொண்ட தொகை, கொடுத்தது, பாக்கி, பாக்கி தர வேண்டிய தேதி என்று நான்கு பத்தி போட்டு ஒரு ஷீட் வைத்துக்கொள்ளுங்கள். தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட பாக்கி கடைசி இரண்டு வாரத்தில் வந்து குவிந்திருப்பது தெரியலாம். மொத்தக் கணக்கு சரியாகவே இருந்தும் அந்த இரண்டு வாரத்தில் கையில் பணம் இல்லாமல் கடன் வாங்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடன் என்றால் வட்டி விகிதத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். வருடத்துக்கு 12 சதவீதம், 5 வருடம், மாதத் தவணை. குறையும் நிலுவைக்கு, அதாவது கட்டக் கட்டக் குறைந்துகொண்டே வரும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்றால் 100 வாங்கியதற்கு சுமார் 33 வட்டி போகும். அதே 12 சதவீதம் ஃப்ளாட் வட்டி, அதாவது முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி என்றால் 60 போகும். விகிதம் ஒன்றுதான், கட்டும் வட்டி ஏறக்குறைய இரண்டு மடங்கு. கிரெடிட் கார்டில் மாதம் 3 சதவீதம் என்று நிலுவையை அப்படியே விட்டால் ஒரு வருடத்தில் 42 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். கல்யாணத்துக்காகக் கடன் வாங்குவதே எனக்கு உடன்பாடில்லாத விஷயம், புதிதாக வாழ்க்கை தொடங்கும் இரண்டு பேரின் முதல் சம்பளங்கள் முடிந்துபோன ஒரு நாளுக்காகப் போய்க்கொண்டிருக்கும். வாங்கியே ஆக வேண்டும் என்றால் மொத்தமாகத் திருப்பிக் கட்டும் தொகை எவ்வளவு என்று கேட்டுவிட்டு கையெழுத்துப் போடுங்கள்.

"வாழ்க்கையில் ஒரே தடவைதானே" என்ற பேச்சு ஒவ்வொரு கடையிலும் வரும். இதற்கு இவ்வளவு செலவழிப்பதுதான் முறை என்று நாம் நம்புவதில் பலவும் விற்பவர்கள் சொல்லிக் கொடுத்தவை. நிச்சயதார்த்த மோதிரத்துக்கு இரண்டு மாதச் சம்பளம் என்ற கணக்கை 1980களில் அமெரிக்காவில் விளம்பரம் வழியாகப் பரப்பியது வைர நிறுவனமான டி பியர்ஸ்தான். அதனால் ஒன்று கூடுதலாகத் தோன்றும்போது வேறு எதை எடுத்துவிட்டு இதைச் சேர்க்கிறோம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்களும் உண்டு. நண்பர் கேமரா வைத்திருக்கிறார் என்று முழுப் பொறுப்பையும் அவரிடம் விடுவது அவருக்கும் கல்யாணத்தை ரசிக்க முடியாமல் செய்துவிடும், படம் சரியாக வரவில்லை என்றால் நட்புக்கும் சங்கடம். சாப்பாட்டில் வகைகளைக் குறைக்கலாம், அளவைக் குறைக்காதீர்கள். விலை குறைய வேண்டுமானால் தேதியில் பாருங்கள், எல்லோரும் கேட்கும் மாதத்தையும் வார இறுதியையும் விட்டுவிட்டால் அதே இடம் குறைந்த வாடகைக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியாக, டெபாசிட். மண்டபத்துக்கும் வாடகைப் பொருட்களுக்கும் கொடுத்த டெபாசிட்டைத் திரும்ப வாங்க வேண்டும் என்பதே களைப்பில் மறந்துபோகும். இடத்தை எடுக்கும்போதும் விடும்போதும் நான்கைந்து போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, ரசீதோடு மறுநாள் போய் வாங்கி வரும் வேலையை மணமக்கள் தவிர வேறு ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.